மருந்தைத் தின்னும் மண்: மக்காச்சோளத்துக்குப் பின் வெங்காயம் நடுவோருக்கு

மக்காச்சோளம் ஒடித்த காட்டில் சின்ன வெங்காயம் நடுகிறீர்கள். முளைப்பு நன்றாக இருக்கிறது. பதினைந்து, இருபது நாளில் தாள் நுனி மஞ்சளாகிக் கருகத் தொடங்குகிறது. நுனிக்கருகல் நோய் என்று பூஞ்சாணக்கொல்லி அடிக்கிறீர்கள், நிற்கவில்லை. நுண்ணூட்டக் கலவை அடிக்கிறீர்கள், அதற்கும் நிற்கவில்லை. இந்தக் கட்டத்தில் காட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, கருகல் எங்கே அதிகம் என்று பாருங்கள். மருந்து டேங்கோடு ஆள் திரும்பிய தலைமாட்டில் பட்டையாகவும், நடுவில் கோடு கோடாகவும் கருகியிருந்தால் அது நோயின் நடமாட்டம் இல்லை, தெளிப்பானின் நடமாட்டம். நான்கு மாதத்துக்கு முன் மக்காச்சோளத்துக்கு அடித்த அட்ரசின் களைக்கொல்லி இன்னும் மண்ணில் மிச்சம் இருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் ஒரே காட்டில் மாறி மாறி வருகின்றன. ஒன்றுக்கு அட்ரசின் ஒரு தொந்தரவும் செய்யாது. மற்றொன்றுக்கு அது ஆகவே ஆகாது. இரண்டுக்கும் நடுவில் மண் அந்த மருந்தைச் சிதைத்து முடித்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்பவை பாக்டீரியாக்கள். மக்காச்சோளம் தொடர்ந்து பயிராகும் காடுகளில் அவை பெரும்பாலும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அவற்றுக்கு ஈரமும் காற்றும் தீனியும் போதிய நாளும் கொடுப்பதுதான் உங்கள் வேலை. பாட்டிலில் வாங்கி ஊற்றும் பாக்டீரியாவுக்கு இதில் இருக்கும் இடம் மிகச் சிறியது. அது எந்த இடம் என்பதைப் பின்னால் கணக்கோடு பார்ப்போம்.

மண்ணில் எவ்வளவு நிற்கிறது

மக்காச்சோளத்துக்கு விதைத்த மூன்றாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, எக்டருக்கு 500 கிராம் வீரியப்பொருள் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு 200 கிராம். கடையில் கிடைக்கும் 50 சதவீதத் தூளில் 400 கிராம். ஊடுபயிராகப் பயறு போடுவதாக இருந்தால் அட்ரசின் அடிக்கவே கூடாது என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. பயறு வகை, வெள்ளரி வகை, எள், தக்காளி, வெங்காயம் எல்லாமே இந்த மருந்தைத் தாங்காதவை.

ஒரு எக்டரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறக்குறைய 20 லட்சம் கிலோ. 500 கிராமை அதில் பரப்பினால் ஒரு கிலோ மண்ணுக்குக் கால் மில்லிகிராம். அட்ரசின் மண்ணில் பாதியாகக் குறைய 60 நாள் ஆகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் 120 நாளில் நாலில் ஒரு பங்கு, அதாவது கிலோவுக்கு 0.06 மில்லிகிராம் மிஞ்சும். வெள்ளரி, வெங்காயம் போன்ற மென்மையான பயிர்களுக்கு இது தொல்லை தொடங்கும் எல்லையை ஒட்டிய அளவு. எல்லாம் சரியாக நடந்தால் தப்பிக்கலாம். ஏதாவது ஒன்று பிசகினால் தப்ப முடியாது என்பதே இதன் பொருள்.

பிசகுவது எங்கே? ஏக்கருக்கு இத்தனை டேங்க் என்று எண்ணி அடிப்பதில் அளவு கூடிவிடுகிறது. தலைமாட்டில் திரும்பும்போது நாசிலை நிறுத்தாமல் திரும்பினால் அந்த இடத்தில் இரட்டை மருந்து விழுகிறது. மழை பொய்த்த பருவத்தில் மண் காய்ந்து கிடந்தால் பாக்டீரியா வேலை நின்றுபோகும். 120 நாள் கடந்தும் மண்ணின் கணக்கில் 50 நாள்தான் கழிந்திருக்கும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, மக்காச்சோளம் பாதியில் கெட்டு உழுதுவிடுவது. 2018இல் அமெரிக்கன் படைப்புழு இங்கே வந்த பருவத்தில் பலரும் அப்படித்தான் முப்பது, நாற்பது நாள் பயிரை மடக்கி உழுதார்கள். அந்த நிலையில் மண்ணில் பாதிக்கு மேல் மருந்து இருக்கும். அங்கே உடனே வெங்காயமோ உளுந்தோ போடக் கூடாது. மறுபடி மக்காச்சோளம் போடலாம். அல்லது தீவனத்துக்குச் சோளம் விதைக்கலாம். இவ்விரு பயிர்களும் அட்ரசினைத் தம் உடலுக்குள்ளேயே நஞ்சற்ற பொருளாக மாற்றிவிடும். அதோடு, வேரிலிருந்து கசியும் சர்க்கரைகள் பாக்டீரியாக்களுக்கும் தீனியாகும்.

கரிசல் காட்டுக்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். புளிப்புத் தன்மையுள்ள மண்ணில் பாக்டீரியாவின் உதவி இல்லாமலேயே அட்ரசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். களித்துகள்மீதும் மட்கின்மீதும் ஒட்டிய மருந்தைத் தண்ணீரே மெல்ல மாற்றிவிடும். கார அமில நிலை 7க்கு மேல் போகப் போக இந்த வழி அடைபடும். சுண்ணாம்பு முடிச்சுகள் கலந்த நம் கரிசலில் அது 8ஐ ஒட்டி நிற்கிறது. போதாக்குறைக்கு, இத்தகைய மண்ணில் அட்ரசின் துகளோடு இறுக ஒட்டுவதும் குறைவு. எளிதாக வேருக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் வேருக்கு எளிதாகக் கிடைப்பது பாக்டீரியாவுக்கும் எளிதாகக் கிடைக்கும். ஆகவே காரத்தன்மையுள்ள மண்ணில் எச்சம் தீர்வது ஏறத்தாழ முழுக்கப் பாக்டீரியாவின் கையில் இருக்கிறது. புளிப்புள்ள செம்மண் காட்டுக்காரர் கவனிக்காமல் விட்டாலும் ஓரளவு நடந்துவிடும், கரிசலில் நடக்காது.

தின்னக் கற்றுக்கொண்ட பாக்டீரியா

அட்ரசினை சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் 1958 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இயற்கையில் அதுவரை இல்லாத மூலக்கூறு. தொடக்கத்தில் மண் நுண்ணுயிரிகள் அதன் ஓரங்களைக் கொறித்தன; நடுவில் உள்ள வளையத்தைத் தொட முடியவில்லை. 1990களில் நிலைமை மாறியிருந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், களைக்கொல்லி சிந்தி ஊறிய ஓரிடத்து மண்ணிலிருந்து ரஃபி மண்டல்பாமும் டெபரா ஆலன், லாரி வாக்கெட் ஆகியோரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1995இல் அறிவித்தார்கள். சூடோமோனாஸ் ஏடிபி என்பது அதன் பெயர். அட்ரசினையே நைட்ரஜன் உணவாகக் கொண்டு அது வளர்ந்தது.

அது செய்யும் வேலையில் நமக்கு முக்கியமானது முதல் படி. அட்ரசின் மூலக்கூறில் ஒரு குளோரின் அணு இருக்கிறது. பாக்டீரியாவின் நொதி அந்தக் குளோரினை எடுத்துவிட்டு அங்கே ஹைட்ராக்சில் தொகுதியைப் பொருத்துகிறது. அந்தக் கணமே அது களைக்கொல்லியாக இருப்பது முடிந்துபோகிறது. செடியின் ஒளிச்சேர்க்கையை அதனால் இனித் தடுக்க இயலாது. பிறகு பக்கக் கிளைகள் கழன்று சயனூரிக் அமிலமாகி, வளையம் உடைந்து, கடைசியில் அம்மோனியாவும் கரியமில வாயுவும் மிஞ்சுகின்றன. மூலக்கூறில் உள்ள ஐந்து நைட்ரஜன் அணுக்களும் பாக்டீரியாவுக்குத் தீனி.

முதல் படியைச் செய்யும் நொதி 475 அமினோ அமிலங்களால் ஆனது. பிசின் தொழிலில் பயன்படும் மெலமினைச் சிதைக்கும் வேறொரு நொதிக்கும் இதற்கும் வேறுபாடு வெறும் 9 அமினோ அமிலங்களே. சில பத்தாண்டுகளுக்குள் சிறு சிறு மாற்றங்களால் பழைய கருவி ஒன்று புதிய வேலைக்குத் தயாராகியிருக்கிறது. இதற்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கின்றன. வெவ்வேறு கண்டங்களின் மண்ணிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான மரபணுக்கள் கிடைத்திருக்கின்றன. உங்கள் காட்டில் ஏற்கெனவே அவை இருக்கின்றன என்று நான் சொல்வதற்கு அடிப்படை இதுதான். ஆண்டுதோறும் அட்ரசின் விழும் காட்டில் அதைத் தின்னத் தெரிந்தவை பெருகும். அமெரிக்காவின் கொலராடோவில் அப்படிப் பழகிய மக்காச்சோள மண்ணில் மருந்து பாதியாகக் குறைய பத்து நாள்கூடத் தேவைப்படவில்லை என்று அளந்திருக்கிறார்கள். அந்த வேகம் இருந்தால் 40 நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இந்த வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. பழகிய மண்ணில் களைகள் முளைக்கும் முன்பே மருந்தின் வீரியம் போய்விடும். "போன வருஷம் மாதிரி மருந்து எடுக்கலை" என்று விவசாயி கடைக்குப் போனால், அளவைக் கூட்டி அடிக்கச் சொல்கிறார்கள். கூட்டாதீர்கள். பாக்டீரியாவுக்கு அது கூடுதல் தீனி, தலைமாட்டு மண்ணுக்குக் கூடுதல் சுமை. களைக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் காட்டில் ஓரிரு பருவம் அட்ரசினை நிறுத்திவிட்டுக் கைக்களையோ பவர் வீடரோ வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளியில் செய்ய வேண்டியவை

கதிர் ஒடித்ததிலிருந்து வெங்காயம் நடும்வரை உள்ள நாட்கள்தான் உங்கள் கையில் இருப்பவை. குறைந்தது ஐந்து, ஆறு வாரம் ஒதுக்குங்கள். முடியாதென்றால் அந்தப் பருவம் வெங்காயத்தை வேறு காட்டில் நடுவதே நல்லது.

முதலில் ஈரம். கையில் அள்ளிப் பிடித்தால் மண் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில்தான் தண்ணீரும் காற்றும் சேர்ந்து இருக்கும். காய்ந்தால் பாக்டீரியா முடங்கும். தண்ணீர் கட்டி நிறுத்தினாலோ காற்றுப் போய்ச் சிதைவு மந்தமாகும். தாராளமாகப் பாய்ச்சிக் கழுவி விடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அட்ரசின் தண்ணீரோடு கீழே இறங்கக்கூடியது. மேல்மண்ணில் இருக்கும் பாக்டீரியாக் கூட்டம் கீழே இல்லை. கழுவி விட்ட மருந்து உங்கள் கிணற்றில்தான் போய் நிற்கும். குடிநீரில் அட்ரசினுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 0.1. நிலத்தடி நீரில் அந்த வரம்பைக் காப்பாற்ற முடியாமல்தான் அங்கே 2003இல் அட்ரசினுக்கு அனுமதி மறுக்க முடிவெடுத்தார்கள். எனவே கோடையில் பத்து, பன்னிரண்டு நாளுக்கொரு லேசான தண்ணீர் போதும். கோடை மழை பெய்தால் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. ஒவ்வொரு தண்ணீருக்குப் பிறகும் பொருக்கு உடையும் அளவுக்கு மேலோட்டமாக ஓர் உழவு. ஆழ உழவு வேண்டாம். மருந்தும் பாக்டீரியாவும் மேல் 10, 15 செ.மீ.யில் ஒன்றாக இருக்கும்போது அவற்றைப் பிரித்துக் கீழே தள்ளுவதில் பயனில்லை.

தீனி விஷயத்தில் பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். மண்ணுக்குத் தெம்பு வரட்டும் என்று இந்த இடைவெளியில் யூரியா போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள். இந்தப் பாக்டீரியாக்கள் அட்ரசினைத் தேடிப் போவதே நைட்ரஜனுக்காகத்தான். பந்தியில் இலை போட்டிருக்கும்போது யாரும் கொல்லைக்குப் போய்க் கிழங்கு தோண்ட மாட்டார்கள். மண்ணில் உரத்தின் நைட்ரஜன் மிகுந்தால் அட்ரசின் சிதைவது மட்டுப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மக்காச்சோளத்துக்குக் கொடுக்க வேண்டிய மேலுரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பயிர் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும். அறுவடைக்கும் நடவுக்கும் இடையில் மட்டும் யூரியா, அம்மோனியம் சல்பேட், கோழி எரு எதுவும் வேண்டாம். வெங்காயத்துக்கான அடியுரத்தை நடவின்போது போட்டுக்கொள்ளலாம்.

இந்த நேரத்தில் மண்ணுக்குத் தேவை கார்பன். அதற்குக் கையருகே இருப்பது மக்காச்சோளத் தட்டைதான். கொளுத்தாதீர்கள். ரோட்டவேட்டரில் சிறிதாக நறுக்கி ஈர மண்ணில் மடக்கிவிடுங்கள். தட்டையில் கார்பன் மிகுதி, நைட்ரஜன் குறைவு. அதை மட்க வைக்கும்போது மண்ணில் மிதமிஞ்சிய நைட்ரஜன் செலவாகி, அட்ரசினில் பூட்டியிருக்கும் நைட்ரஜனுக்கும் தேவை வரும். ஆனால் தட்டை பாதி மட்கிய நிலையில் வெங்காயம் நட்டால் பயிருக்கே நைட்ரஜன் பஞ்சம் வந்துவிடும். ஐந்து, ஆறு வாரம் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். தட்டை முழுவதும் மாட்டுக்குப் போய்விடுகிறது என்றால் நன்கு மட்கிய தொழுவுரத்தைப் போடுங்கள். பலன் தட்டை அளவுக்கு இராது. ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

அமிர்தக் கரைசலோ பஞ்சகவ்யமோ விட்டால் மருந்து முறியுமா என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். அவற்றுக்கு வேறு பயன்கள் இருக்கலாம். அட்ரசினைச் சிதைப்பதற்கென அவற்றில் எதுவும் இல்லை. அதை நம்பி நடவு நாளை முன்னே தள்ளாதீர்கள்.

வெள்ளரி விதையிடம் கேளுங்கள்

எச்சம் தீர்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வகம் போன்ற இடங்களில் கருவி கொண்டு அளக்கலாம். அதற்குச் செலவும் நாளும் ஆகும். வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கவனமாகச் செய்தால் நடவு முடிவுக்கு அது போதும்.

நடுவதற்கு நான்கு வாரம் முன்னால் காட்டின் பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். தலைமாட்டு மண்ணைத் தனியாக எடுங்கள்; அதை நடுக்காட்டு மண்ணோடு கலந்தால் இரண்டின் நிலையும் தெரியாமல் போகும். மூன்றாவதாக, மருந்தே படாத இடத்தில், அதே நிறமும் பிசுபிசுப்பும் உள்ள மண் கொஞ்சம். வரப்பு மரத்தடி, வீட்டோரம் எங்காவது கிடைக்கும். அடியில் ஓட்டை போட்ட கப்புகளில் நிரப்பி, கப்புக்கு ஆறு வெள்ளரி விதை ஊன்றுங்கள். ஒவ்வொரு மண்ணுக்கும் மூன்று கப்.

தலைமாட்டு மண்ணில் கூடுதலாக மூன்று கப் வைத்து, அந்த மண்ணில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி ஆக்டிவேட்டட் கரித்தூளை நன்றாகப் பிசைந்து கலந்துவிடுங்கள். அந்தக் கரி அட்ரசினை இறுகப் பிடித்துக்கொள்ளும், வேருக்கு விடாது. சாதா கப்பில் செடி சாக, கரி கலந்த கப்பில் பிழைத்தால் குற்றவாளி களைக்கொல்லிதான். இரண்டிலும் செடி வாடினால் உப்போ, நூற்புழுவோ, வேரழுகலோ வேறு ஏதோ இருக்கிறது. அதை அந்த வழியில் தேட வேண்டும். இந்த மூன்று கப்பை வைக்காததால்தான் பலருடைய சோதனை முடிவு சொல்லாமல் போகிறது.

கப்புகளை நல்ல வெயிலில் வையுங்கள். அட்ரசின் ஒளிச்சேர்க்கையைத் தடுத்துக் கொல்லும் மருந்து. நிழலில் வைத்தால் அறிகுறி மட்டுப்பட்டு ஏமாற்றும். நாலைந்து நாளில் எல்லாக் கப்பிலும் முளைத்துவிடும். அதைப் பார்த்து மண் சுத்தம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். விதைக்குள் இருக்கும் சேமிப்பில் அது முளைக்கிறது, விதையிலைகளும் பச்சையாகவே விரியும். முதல் உண்மையிலை விரிந்து செடி தன் சாப்பாட்டைத் தானே சமைக்க வேண்டிய நேரம் வரும்போதுதான் நிலைமை வெளிப்படும். எச்சம் உள்ள மண்ணில் எட்டாம் நாளிலிருந்து விதையிலையின் விளிம்பு வெளிறும். மஞ்சள் உள்நோக்கிப் பரவும். விளிம்பு பழுப்பாகிக் காகிதம்போல் மொரமொரக்கும். இந்த ஒழுங்கு முக்கியம்: மூத்த இலை முதலில், விளிம்பிலிருந்து உள்ளே. நைட்ரஜன் பஞ்சமாக இருந்தால் மூத்த இலை முழுவதும் சீராக வெளிறும். விளிம்பு தனியாகக் கருகாது.

மூன்று வாரம் பொறுத்திருந்து பாருங்கள். எல்லாக் கப்பிலும் செடிகள் ஒரே உயரம், ஒரே பச்சை என்றால் நடலாம். தலைமாட்டில் மட்டும் கருகினால் அந்தப் பட்டையில் தீவனச் சோளம் விதைத்துவிட்டு மீதியில் வெங்காயம் நடலாம். எல்லா இடத்திலும் கருகினால் இன்னும் ஒரு மாதம் ஈரமும் உழவும் கொடுத்துத் திரும்பச் சோதியுங்கள். விதை வெங்காயத்தையே நட்டுச் சோதித்தால் என்ன என்று கேட்கலாம். குமிழில் சேமிப்பு அதிகம். அது பல நாள் தாங்கி உங்களை ஏமாற்றிவிடும்.

பாட்டில் வாங்கலாமா

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 10 கோடி உயிருள்ள பாக்டீரியா என்று அட்டையில் எழுதிய ஒரு லிட்டர் பாட்டிலில் 10,000 கோடி இருக்கும். ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் 8 லட்சம் கிலோ, அதாவது 80 கோடி கிராம். ஒரு கிராம் மண்ணுக்கு 125 பாக்டீரியா வருகிறது. அந்த ஒரு கிராமில் ஏற்கெனவே கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் அவற்றைத் தின்னும் ஒற்றைச்செல் உயிரிகளும் வாழ்கின்றன. ஆய்வகங்களில் பலன் கண்ட சோதனைகளில் கிராமுக்குப் பத்து லட்சமோ அதற்கு மேலோ சேர்ப்பது வழக்கம். அந்த அளவை ஏக்கருக்கு எட்ட 8,000 லிட்டர் வேண்டும். முழுக் காட்டுக்கும் பாட்டில் ஊற்றுவது காசைக் கரைப்பது என்று தயங்காமல் சொல்வேன்.

வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும் சூடோமோனாஸ் தூளை இதற்குப் போடலாமா என்பது அடுத்த கேள்வி. வேரழுகல், வாடல் நோய்க்குக் கொடுப்பது சூடோமோனாஸ் புளோரசன்ஸ். மேலே சொன்ன ஏடிபி வேறு. குலப்பெயர் ஒன்றாக இருந்தாலும், அட்ரசினைச் சிதைக்கும் மரபணு வளையம் இல்லாதது அதைச் சிதைக்காது. எந்தப் பொருளை விற்க வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் களைக்கொல்லியைச் சிதைக்கும், எந்த ரகப் பாக்டீரியா, மில்லிலிட்டருக்கு எண்ணிக்கை எவ்வளவு. "எல்லா மருந்தையும் முறிக்கும்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

உங்களிடம் இருப்பதிலேயே நல்ல விதைப்பாக்டீரியா உங்கள் பழகிய மண்தான். வருஷந்தோறும் அட்ரசின் பார்த்த காட்டின் மேல்மண்ணை எடுத்து, புதிதாக மக்காச்சோளம் போட்டு எச்சம் நின்றுபோன திட்டுகளில் கலந்துவிடலாம். உங்கள் காட்டுக்குள் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் நிலத்து மண்ணோடு நூற்புழுவும் வெங்காய அடியழுகல் பூஞ்சாணமும் சேர்ந்து வந்துவிடும்.

வேறு களைக்கொல்லிகளைப் பற்றிச் சுருக்கமாக: 2,4-டி அடித்த மண்ணில் ஈரம் இருந்தால் சில வாரங்களில் பாக்டீரியாக்களே தீர்த்துவிடும், அதைத் தின்னத் தெரிந்தவை எங்கும் உண்டு. கிளைபோசேட் மண்ணில் பாஸ்பேட் போலவே ஒட்டிக்கொள்ளும், மெல்லச் சிதையும். மண் வழியாக அடுத்த பயிரைத் தாக்குவது அரிது. பாராகுவாட் களித்துகளுக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும், பாக்டீரியாவுக்கும் எட்டாது, பயிருக்கும் எட்டாது. அதற்கு இந்த அத்தியாயத்தில் வேலை இல்லை.

மருந்து கலக்கும் இடம்

நடுக்காட்டைவிட எனக்குக் கவலை தருவது கிணற்றடியில் மருந்து கலக்கும் அந்த இரண்டடி இடம். 500 கிராம் பாக்கெட் ஒன்று ஒரு சதுர மீட்டரில் கொட்டிவிட்டது என்று வையுங்கள். 250 கிராம் வீரியப்பொருள், 15 செ.மீ. ஆழத்தில் 200 கிலோ மண். கிலோவுக்கு 1,250 மில்லிகிராம். பரிந்துரைப்படி அடித்த காட்டைப்போல 5,000 மடங்கு. கழுவினால் நேரே கிணற்றுக்குள் போகும். தூளாக இருப்பதை உடனே கையுறையோடு வாரி டேங்குக்கே பயன்படுத்துங்கள். மிச்சத்தை மண்ணோடு 20 செ.மீ. வெட்டித் தார்ப்பாயில் எடுங்கள். சிந்தியதில் இருப்பது ஒன்றேகால் ஏக்கர் மக்காச்சோளத்துக்கு அடிக்க வேண்டிய மருந்து. அந்த மண்ணை உதிர்த்து, இன்னும் மருந்து அடிக்காத மக்காச்சோளக் காட்டில் ஒன்றரை ஏக்கருக்குச் சீராகத் தூவிவிட்டு, அந்தப் பரப்புக்கு அந்தப் பருவம் அட்ரசின் அடிக்காமல் விடலாம். இதைவிட எளிய வழி இல்லை.

பருவம் தவறிவிட்டால்தான் பாக்டீரியாவைச் சேர்ப்பதற்கு இடம் வருகிறது. ஒரு லிட்டர் பாட்டில் 200 கிலோ மண்ணில் கிராமுக்கு ஐந்து லட்சம் பாக்டீரியாவைக் கொடுக்கும். அது ஆய்வகத்தில் பலன் கண்ட அளவை நெருங்கும் எண்ணிக்கை. பாட்டில் இல்லையென்றால் ஒரு பங்கு சிந்திய மண்ணுக்கு ஐந்து பங்கு பழகிய மண், நறுக்கிய தட்டை, இரண்டு கை சூப்பர் பாஸ்பேட். பாஸ்பேட்டுக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஏறத்தாழ 450 கிலோ அட்ரசின் சிந்திய மண்ணில், குளோரினை எடுக்கும் நொதியைத் தாங்கிய, கொல்லப்பட்ட பாக்டீரியாச் செல்களைக் கலந்து பார்த்தார்கள். 2000இல் முடிவு வெளிவந்தது. எட்டு வாரத்தில் நொதி மட்டும் கலந்த மண்ணில் அட்ரசின் 52 சதவீதம் குறைந்தது. நொதியோடு பாஸ்பேட்டும் சேர்த்த இடத்தில் 77 சதவீதம். இரண்டும் இல்லாத மண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. குவியலை மழை படாமல் மூடி, ஈரப்பதம் குறையாமல் வாரம் ஒருமுறை புரட்டிவிட்டு, மாதம் ஒருமுறை வெள்ளரியிடம் கேளுங்கள். முழுக்கத் தீர்ந்தது என்று தெரியும்வரை அது வெங்காயக் காட்டுப் பக்கம் போகக் கூடாது.

டேங்க் கழுவும் தண்ணீருக்கு நிலையான ஏற்பாடு வேண்டுமென்றால் ஸ்வீடன் விவசாயிகள் 1990களில் தொடங்கிய உயிர்ப்படுகையை அமைக்கலாம். கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தள்ளி 60 செ.மீ. ஆழத்துக்குக் குழி, அடியில் 10 செ.மீ. பிசைந்த களிமண், மேலே இரண்டு பங்கு நறுக்கிய வைக்கோல், ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு மட்கு கலந்து நிரப்ப வேண்டும். அங்கே மட்குக்குப் பதிலாகப் பீட் எனும் சதுப்புநிலக் கரிமட்கைப் போடுகிறார்கள். நமக்கு மட்கிய தென்னைநார்க் கழிவு போதும். வைக்கோலில் வளரும் வெண்பூஞ்சாணமும் மண்ணின் பாக்டீரியாக்களும் சேர்ந்து மருந்தைச் சிதைக்கும். கலவையை ஒன்றரை மாதம் ஈரமாக வைத்துப் பழக்கிய பிறகே கழுவுநீரை ஊற்றத் தொடங்குங்கள். மேலே புல் பதித்தால் ஈரம் சீராக இருக்கும். புல் கருகினால் அளவுக்கு மீறி ஊற்றுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே விழாமல் மேலே தகரமோ தென்னங்கீற்றோ வேண்டும். போர்டோக் கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு கழுவிய தண்ணீரை இதில் ஊற்றாதீர்கள்; தாமிரம் சிதையாது, சேர்ந்துகொண்டே போய் நுண்ணுயிர்களை முடக்கும். வைக்கோல் மட்கிப் படுகை இறங்க இறங்க ஆண்டுக்கொரு முறை புதுக் கலவை போட்டு நிரப்புங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து முழுவதையும் வெளியே எடுத்து, ஓராண்டு மூடி மட்க வைத்து, வெள்ளரி சோதனை தேறிய பிறகு மக்காச்சோளக் காட்டில் பரப்பிவிடலாம்.